கறுப்பாக விழுந்த நுரையீரல்

மனித உடலின் குறுக்குவெட்டாக எடுக்கப்பட்ட முதல் எம்.ஆர்.ஐ. படம் மூளையுடையது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, அது நெஞ்சின் படம். 1977 ஜூலை 3ஆம் தேதி, நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள டவுன்ஸ்டேட் மருத்துவ மையத்தில் அது எடுக்கப்பட்டது. ரேமண்ட் டமாடியன் என்கிற மருத்துவரும் லாரி மின்காஃப், மைக்கல் கோல்ட்ஸ்மித் என்கிற அவருடைய இரண்டு மாணவர்களும் தங்கள் கையாலேயே ஒரு காந்தத்தைக் கட்டியிருந்தார்கள். அதற்கு 'அடக்கமுடியாதது' என்று பொருள்படும் 'இண்டாமிட்டபிள்' என்ற பெயரையும் வைத்திருந்தார்கள். முதலில் டமாடியனே உள்ளே உட்கார்ந்து பார்த்தார். சமிக்ஞை வரவில்லை. அவர் உடம்பு பருமன், சுருளுக்குப் பொருந்தவில்லை. சில வாரம் கழித்து ஒல்லியான மின்காஃப் உட்கார்ந்தார். தாமிரச் சுருளை மார்பைச் சுற்றி மாட்டிக்கொண்டு, ஒரு புள்ளிக்கான சமிக்ஞை வந்ததும் உடம்பைக் கொஞ்சம் நகர்த்தி அடுத்த புள்ளி, மறுபடி நகர்த்தி அடுத்த புள்ளி என்று 106 புள்ளிகள். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம்.

வந்த படத்தில் சுற்றிலும் உடற்சுவர், நடுவில் இதயம், இரண்டு பக்கமும் கறுப்பு. அந்தக் கறுப்புதான் நுரையீரல்.

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படம் வந்ததே அதிசயம். ஆனால் டமாடியன் அந்த இயந்திரத்தைக் கட்டியது இதயத்தைப் பார்க்க அல்ல, புற்றுநோயைக் கண்டுபிடிக்க. 1974இல் அவர் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையின் தலைப்பே திசுக்களில் புற்றுநோயைக் கண்டறியும் கருவியும் முறையும் என்பதுதான். உலகத்தில் அதிகம் பேரைக் கொல்லும் புற்றுநோய் நுரையீரலில் வருவது. அந்த உறுப்போ அவர் எடுத்த முதல் படத்திலேயே ஒன்றும் தெரியாத இருட்டாக விழுந்திருக்கிறது. எம்.ஆர்.ஐ. வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இருட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அங்கேதான் கதை இருப்பதாகத் தோன்றுகிறது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். காந்தப்புலத்துக்குள் வைத்த தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களை ரேடியோ அலையால் தட்டிவிட்டால் அவை பழைய நிலைக்குத் திரும்பக் கொஞ்ச நேரம் எடுக்கும். ஃபீலிக்ஸ் பிளாக்கும் எட்வர்ட் பர்செல்லும் 1946இல் தனித்தனியாக இந்த அணுக்கருக் காந்த அதிர்வைக் கண்டறிந்தார்கள், 1952இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அதன் பிறகு கால் நூற்றாண்டு இது வேதியியல்காரர்களின் ஆய்வகப் பொருளாகவே கிடந்தது. 1971 மார்ச்சில் 'சயன்ஸ்' இதழில் டமாடியன் ஒரு கட்டுரை எழுதினார். எலிகளின் நல்ல திசுக்களையும் புற்றுக்கட்டிகளையும் சோதனைக் குழாயில் வைத்து அந்தத் திரும்பும் நேரத்தை அளந்திருந்தார். நல்ல கல்லீரலில் அது 0.3 வினாடிக்கும் சற்றுக் குறைவு. கல்லீரல் புற்றுக்கட்டியில் 0.8 வினாடிக்கு மேல். இந்த ஓர் எண்ணிலிருந்து அவர் ஒரு பெரிய கனவுக்குப் போனார். உடம்பை அறுக்கவே வேண்டாம், கதிர்வீச்சும் வேண்டாம், புற்றுநோய் தன்னுடைய எண்ணை வெளியிலேயே சொல்லிவிடும்.

இதைச் சரிபார்க்க ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஹாலிஸ் என்பவரின் குழு முயன்றது. அக்குழுவின் லியோன் சர்யான் அதே ஆண்டு பென்சில்வேனியாவில் ஒரு சிறு நிறுவனத்தின் கருவியில் எலித் திசுக்களை மறுபடி அளந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் பால் லாட்டர்பர். வேதியியல்காரர். அன்று மாலை ஓர் உணவகத்தில் ஹாம்பர்கர் சாப்பிடும்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. காந்தப்புலத்தை எல்லா இடத்திலும் ஒரே அளவாக வைக்க ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்? வேண்டுமென்றே ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் சரித்துவிட்டால், எந்த இடத்திலிருந்து சமிக்ஞை வருகிறது என்பதை அதன் அதிர்வெண்ணே சொல்லிவிடுமே! 1971 செப்டம்பர் 2ஆம் தேதியிட்ட நோட்டுப் புத்தகத்தில் அதைக் குறித்து வைத்தார். 'நேச்சர்' இதழ் முதலில் நிராகரித்து, பிறகு 1973இல் வெளியிட்டது. இன்றைக்கு உலகத்தில் உள்ள ஒவ்வொரு எம்.ஆர்.ஐ. இயந்திரமும் அந்தச் சரிவை வைத்துத்தான் ஓடுகிறது. நான் மின்பொறியியல் படித்தவன். ஒரு குறைபாட்டை அளவுகோலாக மாற்றிய இந்த யோசனையை வகுப்பில் யாராவது இப்படிச் சொல்லித் தந்திருந்தால் அந்தப் பாடத்தைக் கொஞ்சம் விருப்பத்தோடு படித்திருப்பேன்.

2003இல் லாட்டர்பருக்கும் இங்கிலாந்தின் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் பரிசு. டமாடியனுக்கு இல்லை. அவர் தரப்பு அமெரிக்க நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டது. இந்தச் சண்டையைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது, படிக்கச் சுவாரசியமாகவும் இருக்கும். ஆனால் சண்டை முழுக்க இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்பதைப் பற்றியது. அந்த இயந்திரம் எதற்காகக் கனவு காணப்பட்டதோ அது நடந்ததா என்று கேட்டவர்கள் குறைவு. நடக்கவில்லை. திரும்பும் நேரம் கட்டிகளில் கூடியது உண்மை. வீக்கத்திலும் கூடியது, நீர் கோத்த இடத்திலும் கூடியது, சில நல்ல திசுக்களிலும் கூடியது. ஹாலிஸ் குழுவும் மற்றவர்களும் இதைத்தான் திரும்பத் திரும்பக் கண்டார்கள். எண்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. புற்றுநோய்க்கென்று தனியாக ஓர் எண் இல்லை.

1971 விசித்திரமான ஆண்டு. டமாடியனின் கட்டுரை மார்ச்சில். அக்டோபர் 1ஆம் தேதி லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தது. நவம்பரில் பாஸ்டனின் அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் ஒரு கட்டுரை எழுதினார். கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமென்றால் அது தனக்கென்று புதிய இரத்தக் குழாய்களை வரவழைத்தாக வேண்டும் என்றார். பல ஆண்டுகள் அவரை யாரும் நம்பவில்லை. டிசம்பரில் அமெரிக்க அதிபர் நிக்சன் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இந்த மூன்று ஆராய்ச்சிகளும் ஒன்றையொன்று சந்திக்க முப்பது ஆண்டுகள் ஆகின. சந்தித்த இடம் நுரையீரல்.

நுரையீரல் ஏன் கறுப்பாக விழுகிறது? காரணம் மூன்று, மூன்றும் ஒன்றுக்கொன்று துணை. எம்.ஆர்.ஐ. பார்ப்பது தண்ணீரை, சரியாகச் சொன்னால் அதன் ஹைட்ரஜனை. நுரையீரலில் பெரும்பகுதி காற்று, அதாவது சமிக்ஞை தர ஆளே குறைவு. இரண்டாவது, அது சும்மா இருக்காது. மூச்சுக்கு விரியும், இதயம் துடிக்கும்போதெல்லாம் கூடவே ஆடும். மின்காஃப் ஐந்து மணி நேரமும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்! இவை இரண்டையும்விடக் கொடியது மூன்றாவது. காற்றும் திசுவும் காந்தப்புலத்துக்கு வெவ்வேறு மாதிரி வளைந்துகொடுப்பவை. நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள். ஒவ்வோர் அறையின் சுவரிலும் புலம் கொஞ்சம் கோணலாகிறது. பக்கத்துப் பக்கத்து ஹைட்ரஜன்கள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று ஒன்றின் சமிக்ஞையை மற்றது அழித்துவிடுகிறது. மருத்துவமனைகளில் சாதாரணமாக இருக்கும் 1.5 டெஸ்லா இயந்திரத்தில் நுரையீரல் திசுவின் சமிக்ஞை ஒன்றிரண்டு மில்லிவினாடிக்குள் செத்துவிடும். இயந்திரம் காதைத் திறப்பதற்குள் பேச்சு முடிந்துவிடுகிறது.

நுரையீரலுக்குள் ஒரு கட்டி இருந்தால்? கட்டி கெட்டியான திசு, அதில் தண்ணீர் உண்டு, அதனால் கறுப்புப் பின்னணியில் வெளிறித் தெரியத்தான் செய்யும். இருக்கிறது என்று தெரியும். என்ன என்று தெரியாது. புற்றா, பழைய தழும்பா, சளி கட்டிய இடமா? டமாடியன் கனவு கண்ட எண் இங்கே கைகொடுக்கவில்லை. கட்டியைப் பேச வைக்க வெளியிலிருந்து ஒன்றை உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது.

அந்த ஒன்று கடோலினியம். சுவீடனில் ஸ்டாக்ஹோமுக்குப் பக்கத்தில் உள்ள இட்டர்பி என்ற சிற்றூரின் சுரங்கத்தில் கிடைத்த ஒரு கறுப்புக் கல்லை 1794இல் ஆராய்ந்தவர் பின்லாந்து வேதியியல்காரர் யோஹான் கடோலின். அவர் பெயரால் அந்தக் கனிமத்துக்கு கடோலினைட் என்று பேர் வந்தது. 1880இல் மரிஞாக் அடையாளம் கண்ட ஒரு புதிய தனிமத்துக்கும் பிற்பாடு அதே பெயர். அணு எண் 64. அதன் அயனியில் இணை சேராத எலக்ட்ரான்கள் ஏழு. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம் மாதிரி. இந்த உலோகத்திடம் ஒரு வேடிக்கை உண்டு. ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இரும்பு மாதிரி காந்தத்தில் ஒட்டும், அதற்கு மேலே ஒட்டாது. நம் ஊர் வெயிலில் ஒட்டாது, ஏர்கானை நன்றாகக் கூட்டிவைத்த அறையில் ஒட்டும்.

காந்தத்தன்மையுள்ள அயனிகளைத் தண்ணீரில் கலந்தால் ஹைட்ரஜன் சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்பும் என்பது 1946இலேயே பிளாக்குக்குத் தெரியும். அவர் இரும்பு நைட்ரேட் கலந்து பார்த்தார். லாட்டர்பர் குழு 1970களின் கடைசியில் நாய்களின் இதயத்தில் மாங்கனீசு உப்பை முயன்றது. கடோலினியம் இவை எல்லாவற்றையும்விட வலுவானது. ஆனால் அது விஷம். அதன் அயனியின் அளவு கால்சியம் அயனியின் அளவை ஒட்டியது. நரம்பிலும் தசையிலும் கால்சியம் போக வேண்டிய வாசலில் போய் இது அடைத்துக்கொள்ளும். அப்படியே இரத்தத்தில் ஏற்ற முடியாது.

இதற்கு வழி கண்டது அமெரிக்கப் பல்கலைக்கழகம் எதுவும் அல்ல. சுவர் சூழ்ந்த மேற்கு பெர்லினில் இருந்த ஷெரிங் மருந்து நிறுவனம். ஹன்ஸ்-யோவாகிம் வைன்மனும் அவருடைய சகாக்களும் கடோலினியத்தை டி.டி.பி.ஏ. என்ற மூலக்கூறுக்குள் அடைத்தார்கள். அது ஏற்கெனவே மருத்துவத்தில் இருந்த பொருள்தான். புளூட்டோனியம் போன்ற உலோகங்கள் உடம்புக்குள் போய்விட்டால் பிடித்து வெளியே இழுத்துவருவதற்குப் பயன்படுத்துவார்கள். உலோகத்தை வெளியேற்றும் மருந்தை உலோகத்தை உள்ளே கொண்டுபோகும் வண்டியாக்கிவிட்டார்கள். கடோலினியத்தைச் சுற்றி ஒன்பது இடங்கள் உண்டு. டி.டி.பி.ஏ. நண்டுக் கொடுக்கு மாதிரி எட்டு இடங்களைக் கவ்விக்கொள்ளும். ஒன்பதாவது இடம் காலி. அங்கே ஒரு தண்ணீர் மூலக்கூறு வந்து ஒட்டும், ஒரு நொடியின் மிகச் சிறு துளிக்குள் விலகும், அடுத்தது வரும். வந்து போன ஒவ்வொரு தண்ணீரும் சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்பி, படத்தில் வெள்ளையாகத் தெரியும். கவனித்தால், இயந்திரம் கடோலினியத்தைப் பார்ப்பதே இல்லை. அதைத் தொட்டுவிட்டு வந்த தண்ணீரைத்தான் பார்க்கிறது. எக்ஸ்ரேக்குக் கொடுக்கும் அயோடின் மருந்து அப்படியல்ல, அது தானே நிழலாக விழும்.

1981இல் காப்புரிமை, 1983இல் மனிதர்களுக்கு முதல் ஊசி, 1984இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் நோயாளிகளிடம் செய்த சோதனைகள் 'லான்செட்' இதழில், 1988இல் மேக்னவிஸ்ட் என்ற பெயரில் விற்பனைக்கு அனுமதி. ஏழே ஆண்டுகள். டமாடியனுக்காகவும் லாட்டர்பருக்காகவும் சண்டைபோட்ட யாரும் வைன்மனுக்குப் பரிசு கேட்டதாகத் தெரியவில்லை. புற்றுநோயை எம்.ஆர்.ஐ.யில் உண்மையிலேயே துலங்க வைத்தது அந்த ஒன்பதாவது காலி இடம் என்பது என் கருத்து. இதைச் சொன்னால் இயற்பியல் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபிக்கட்டும்.

மூளையில் இது உடனே வேலை செய்தது. மூளையின் இரத்தக் குழாய்கள் இயல்பாகவே இறுக்கமானவை, கடோலினியத்தை வெளியே விடாது. கட்டி இருக்கும் இடத்தில் குழாய் ஒழுகும், அங்கே மட்டும் வெள்ளையாகப் பூக்கும். நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கும் இந்த மருந்து முதலில் பெரிதாக உதவியது தலையில்தான். நுரையீரலிலிருந்து மூளைக்குப் பரவிய சிறு கட்டிகளைக் காட்டிக்கொடுத்தது, இன்றைக்கும் காட்டிக்கொடுக்கிறது. நெஞ்சுக்குள் வந்தபோது கதை வேறு. 1991இல் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 170 நோயாளிகளிடம் சி.டி.யையும் எம்.ஆர்.ஐ.யையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், நுரையீரல் புற்றின் நிலையைக் கணிப்பதில் எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் மேலானதாக இல்லை. இரண்டு நுரையீரலுக்கும் நடுவே உள்ள பகுதிக்குள் கட்டி நுழைந்துவிட்டதா என்று பார்ப்பதில் மட்டும் கொஞ்சம் முன்னால் நின்றது. நுரையீரலின் உச்சியில் வந்து தோளுக்குப் போகும் நரம்புக் கற்றையைக் கவ்வும் கட்டிகளுக்கும் அது நல்லது என்று தெரிந்தது. மற்றபடி வேகமும் விலையும் சி.டி. பக்கம். அதோடு விட்டிருக்கலாம்.

விடாததற்குக் காரணம் ஃபோக்மன். கட்டி அவசர அவசரமாகத் தனக்கு இரத்தக் குழாய்களைப் போட்டுக்கொள்கிறது என்றால், அவை ஒழுங்காக இருக்காது. அனுமதி இல்லாமல் இழுத்த தண்ணீர்க் குழாய் மாதிரி, வளைந்தும் நெளிந்தும் பொத்தல் விழுந்தும் இருக்கும். அதற்குள் கடோலினியம் வேகமாகப் பாயும், வேகமாகக் கசியும், சில கட்டிகளில் வேகமாகத் திரும்பவும் வடியும். ஆகவே ஒரே ஒரு படத்தைப் பார்ப்பதில் பயனில்லை. ஊசி போட்ட கணத்திலிருந்து அடுத்தடுத்துப் படம் எடுத்து, அந்தப் புள்ளியின் வெளிச்சம் நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு கோடாக வரைய வேண்டும். இந்தக் கசிவைக் கணக்கிட 1991இல் லண்டனில் பால் டோஃப்ட்ஸும் கெர்மோடும் ஒரு சமன்பாட்டை எழுதினார்கள். அவர்கள் அதை எழுதியது புற்றுநோய்க்காக அல்ல, நரம்புறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்காக. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நீர் போய் வருகிற கணக்குதான். முதலாண்டு பொறியியல் மாணவர் போட்டுவிடுவார்.

இயந்திரங்கள் வேகமான பிறகு, 2002இல் ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தில் யோஷிஹாரு ஓனோவின் குழு நுரையீரலில் தனியாகத் தெரியும் புள்ளிகளுக்கு இதைச் செய்து காட்டியது. மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும்போதே கிட்டத்தட்ட வினாடிக்கு ஒரு படம். 2004இல் ஜெர்மனியின் டூபிங்கனில் ஷேஃபர் குழு. தீய கட்டிகளில் கோடு செங்குத்தாக ஏறியது, உயரமாகவும் போனது. ஏறிவிட்டுச் சட்டென்று இறங்குவது தீய கட்டிகளில் மட்டுமே காணப்பட்டது. ஆனால் ஏறக்குறைய பாதித் தீய கட்டிகள் அப்படி இறங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சூடாக இருக்கும் அழற்சியும் புற்று மாதிரியே ஏறிக் காட்டும். பழைய காசநோய்க் கட்டியில் நடுப்பகுதி செத்துக் கெட்டித்துப்போன பொருள், அங்கே இரத்த ஓட்டம் கிடையாது. மருந்து உள்ளே போகாமல் ஓரத்தில் மெல்லிய வளையமாக மட்டும் மின்னும்.

இந்தக் கடைசி வரி நம் வட்டாரத்தில் முக்கியமானது. மலேசியாவில் காசநோய் இன்னும் இருக்கிறது. தோட்டத்தில் நெருக்கியடித்து வாழ்ந்த தலைமுறையில் இளமையில் 'டிபி' வந்து மருந்து சாப்பிட்டு மீண்டவர்கள் அனேகமாக எல்லாக் குடும்பத்திலும் உண்டு. என் பெரியப்பா அப்படி ஒருவர். நாலு ஆண்டுக்கு முன் வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு புள்ளி. சி.டி. எடுத்தார்கள். மருத்துவர் சொன்னார், "பழைய தழும்பாத்தான் இருக்கும். ஆனா உறுதியா சொல்ல முடியாது. மூணு மாசம் கழிச்சு வாங்க." வளர்ந்தால் புற்று, வளராவிட்டால் தழும்பு. அதுதான் சோதனை. பெரியப்பா முப்பது ஆண்டு சிகரெட் பிடித்தவர். அந்த மூன்று மாதமும் பெரியம்மா வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. "எம்.ஆர்.ஐ. எடுத்தா தெரியாதா?" என்று நான் கேட்டதற்கு "நுரையீரலுக்கு அது சரிப்படாது" என்று பதில் வந்தது. ஏன் சரிப்படாது என்று தேடிப் போனதில்தான் இதெல்லாம் படிக்கக் கிடைத்தது. புள்ளி ஒரு மில்லிமீட்டர்கூட வளரவில்லை. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

மருத்துவர் தவறாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 50 ஆயிரத்துக்கும் அதிகமானோரை வைத்து நடந்து 2011இல் முடிவு வெளியான பெரிய சோதனையில், அதிகம் புகைத்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்துவந்ததால், எக்ஸ்ரே எடுத்தவர்களோடு ஒப்பிடும்போது நுரையீரல் புற்று மரணம் 20 விழுக்காடு குறைந்தது. அந்த மாதிரி ஒரு சான்று எம்.ஆர்.ஐ.யிடம் இல்லை. ஆனால் சி.டி. நிறையப் புள்ளிகளைக் கண்டுபிடிக்கிறது, அவற்றில் மிகப் பெரும்பாலானவை புற்று அல்ல. ஊசி குத்தித் திசு எடுப்பதா, காத்திருப்பதா என்ற கேள்வியில் நிற்கும் குடும்பங்களுக்கு அந்தக் கோடு உதவியிருக்கும். கோபேயில் இருக்கிற வசதி நம் மாவட்ட மருத்துவமனையில் இல்லை, இவ்வளவுதான் விஷயம்.

இனி விலையைப் பற்றி. 1997இல் கலிஃபோர்னியாவில், சிறுநீரகம் செயலிழந்த சிலருக்குத் தோல் மரக்கட்டை மாதிரி இறுகத் தொடங்கியது. முழங்கால் மடங்கவில்லை, விரல் விரியவில்லை. சிலருக்கு உள்ளுறுப்புகளும் இறுகின. 2000இல் 'லான்செட்' இதழில் இது புதிய நோயாகப் பதிவானது. காரணம் தெரியவில்லை. 2006இல் ஆஸ்திரியாவில் தாமஸ் க்ரோப்னர் என்ற சிறுநீரக மருத்துவர், கடோலினியம் கொடுத்து இரத்தக் குழாய் ஸ்கேன் எடுக்கப்பட்ட தன்னுடைய ஒன்பது டயாலிசிஸ் நோயாளிகளில் ஐந்து பேருக்கு இந்த நோய் வந்ததைக் கவனித்து எழுதினார். அதே ஆண்டு டென்மார்க்கிலிருந்தும் அதே செய்தி. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு மருந்தில் பாதி ஒன்றரை மணி நேரத்தில் சிறுநீரில் போய்விடும். சிறுநீரகம் இல்லாதவருக்கு நாள்கணக்கில் உள்ளே சுற்றும். சுற்றச் சுற்றக் கொடுக்கு தளரும், விஷம் வெளியே வரும். கடோலினியம் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகப் 'பாதுகாப்பான' மருந்து என்ற பெயரில் புழங்கியது. அயோடின் மருந்து சிறுநீரகத்துக்கு ஆகாது, இவர்களுக்கு இதைக் கொடுங்கள் என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்திருந்தார்கள். அக்கறையோடு கொடுக்கப்பட்ட மருந்து, அதை வெளியேற்றவே முடியாத உடம்புகளைத் தேடிப்போய்ச் சேர்ந்தது. இன்று ஸ்கேன் படிவத்தில் சிறுநீரகத்தைப் பற்றி ஒரு கேள்வி இருக்கும். நாம் ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவோம். அந்தக் கேள்விக்குப் பின்னால் அந்த ஐந்து பேர் இருக்கிறார்கள்.

2014இல் ஜப்பானில் கண்டா என்பவரின் குழு இன்னொன்றைக் கண்டது. பலமுறை இந்த மருந்து ஏற்றப்பட்டவர்களின் மூளையில், சிறுநீரகம் சரியாக இருந்தும்கூட, சில பகுதிகள் மருந்து இல்லாமலேயே வெள்ளையாகத் தெரிந்தன. கடோலினியம் கொஞ்சம் தங்கிவிடுகிறது. அதனால் இன்ன நோய் வந்தது என்று நிறுவப்படவில்லை. ஆனாலும் ஐரோப்பிய மருந்து முகமை 2017இல், சங்கிலி மாதிரி திறந்த கொடுக்கு உள்ள வகைகளில் பெரும்பாலானவற்றை நிறுத்தியது. நரம்பில் ஏற்றும் மேக்னவிஸ்டும் அதில் போனது. வளையமாகச் சுற்றி அடைக்கும் வகைகள் இருக்கின்றன, அவை இறுக்கமானவை. உடம்பிலிருந்து வெளியே போனதும் கதை முடிவதில்லை. 1996இல் பாவ், டுல்ஸ்கி என்ற இரண்டு ஜெர்மன் புவிவேதியியலாளர்கள் ஆற்று நீரில் அருமண் உலோகங்களை அளந்தபோது கடோலினியம் மட்டும் இயற்கைக்கு மாறாகத் துருத்திக்கொண்டு நின்றது. மருத்துவமனைகளிலிருந்து சாக்கடை வழியாக வந்தது. பிற்பாடு பெர்லினின் குழாய்த் தண்ணீரிலும் கண்டார்கள். மருந்து பிறந்த ஊருக்கே திரும்பி வந்துவிட்டது.

நமக்கும் இந்த உலோகக் குடும்பத்தோடு ஒரு பழைய கணக்கு உண்டு. ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேராவில் 1982இல் தொடங்கிய ஏஷியன் ரேர் எர்த் ஆலை, ஈயச் சுரங்கங்கள் ஒதுக்கிய அமாங் மண்ணில் கிடைக்கும் மோனசைட்டிலிருந்து அருமண் உலோகங்களைப் பிரித்தது. கடோலினியம் மோனசைட்டிலும் இருக்கும் ஒன்று. கூடவே தோரியமும் இருக்கும், அதுதான் கதிரியக்கக் கழிவாக ஊர் மக்கள் தலையில் விழுந்தது. நீண்ட வழக்குக்கும் போராட்டத்துக்கும் பிறகு ஆலை 1994இல் மூடப்பட்டது. அங்கே பிரித்த உலோகம் பெர்லினுக்குப் போனது என்று நான் சொல்லவரவில்லை. படத்தில் வெள்ளையாகத் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் எங்கோ ஒரு மண் தோண்டப்பட்டிருக்கிறது, அதை மட்டும்தான் சொல்கிறேன்.

கறுப்பு நுரையீரலைக் கருவியின் வழியாகவே வெளுக்க வைக்கும் முயற்சியும் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கிறது. 1991இல் ஸ்டான்ஃபோர்டில் பெர்கின், பாலி, மக்கோவ்ஸ்கி மூவரும் சமிக்ஞை சாவதற்குள் காதைத் திறக்க ஒரு வழி கண்டார்கள். ரேடியோ அலையால் தட்டிய உடனேயே, ஒரு மில்லிவினாடியின் சிறு பகுதிக்குள் கேட்கத் தொடங்குவது. அந்தப் படங்களில் நுரையீரல் திசு முதன்முதலாகச் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. இப்போது புதிய இயந்திரங்களில் இந்த முறை கிடைக்கிறது. சில மில்லிமீட்டர் புள்ளிகளும் தெரிகின்றன, ஊசியே இல்லாமல். அது என்ன புள்ளி என்று கேட்டால் இன்னும் மருந்து வேண்டும்.

இன்னொரு வழி, மருந்தை நரம்பில் ஏற்றாமல் மூச்சில் இழுப்பது. செனான் வாயுவின் அணுக்கருக்களை லேசரின் உதவியால் முன்கூட்டியே ஒரே திசையில் நிறுத்திவைத்தால் அதன் சமிக்ஞை பல்லாயிரம் மடங்கு பெருகும். 1994இல் எலி நுரையீரலில் 'நேச்சர்' கட்டுரை, 2022 டிசம்பரில் அமெரிக்க அனுமதி. ஒரு பையிலிருந்து வாயுவை இழுத்து, பத்துப் பதினைந்து வினாடி அடக்கி, விட்டுவிட வேண்டியதுதான். உள்ளே எந்த உலோகமும் தங்காது. அந்தப் படங்களில் எல்லாம் தலைகீழ். காற்று போகும் இடமெல்லாம் ஒளிர்கிறது, இதயம் இருட்டில் கிடக்கிறது. மூச்சுக்குழாயை ஒரு கட்டி அடைத்திருந்தால் அதற்குப் பின்னால் உள்ள பகுதி மட்டும் கறுப்பாக விழுகிறது.